கேஸ் கீசரை பாத்ரூமுக்கு வெளியே மாத்துங்க

"கேஸ் கீசரை பாத்ரூம்ல இருந்து பால்கனிக்கு மாத்த பிளம்பர் 5,500 ரூபாய் கேக்குறார் டாக்டர். அவ்வளவு செலவு தேவையா? எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போதாதா?"

ஐப்பசி பிறந்தால் இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வர ஆரம்பிச்சுடும். என் பதில்: தேவைதான். போதாது. ஏன் என்பதற்குத்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரண கேஸ் கீசர் 10 நிமிடம் எரிந்தால் ஏறத்தாழ 150 கிராம் எல்பிஜி செலவாகும். ஒரு கிலோ எல்பிஜி முழுசா எரிய 12, 13 கன மீட்டர் காற்று வேண்டும். கணக்குப் போட்டால் 10 நிமிடத்துக்கு 2 கன மீட்டர். நம்ம ஃபிளாட் பாத்ரூம் 5க்கு 7 அடி, உயரம் 8 அடி என்று வைத்தால் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றே 8 கன மீட்டர்தான். அதில் கால் பங்கில் இருந்த ஆக்சிஜனை ஒரே ஒரு குளியலில் கீசர் தின்றுவிடுகிறது. குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரை வேறு அட்டை வைத்து அடைத்திருப்போம்.

ஆக்சிஜன் குறைந்தால் தீ அணைந்துவிடும் என்று நினைக்காதீங்க. அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் டை ஆக்சைடோடு கார்பன் மோனாக்சைடும் வர ஆரம்பிக்கும். எல்பிஜி கசிந்தால் நமக்கு வாடை தெரிய வேண்டும் என்றே அதில் நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி. ஏதோ சரியில்லை என்று மண்டைக்கு உறைப்பதற்குள் கால் மடங்கிவிடும். தாழ்ப்பாள் இரண்டடி தூரத்தில் இருக்கும், கை போகாது.

இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதை 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டே எழுதியிருக்கிறார்கள். பாத்ரூமில் விழுந்து கை கால் வெட்டியவரை வலிப்பு நோயாளி என்று முடிவு கட்டிவிடும் ஆபத்து இதில் உண்டு. போதாக்குறைக்கு, தலையில் வெந்நீர் ஊற்றும்போது வரும் வலிப்பு என்று ஒரு தனி நோயே தென்னிந்தியாவில் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது 'ஃபிட்ஸ்' பாத்ரூமில் மட்டும்தான் வருகிறதா? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டில் என்ன கீசர், அது எங்கே மாட்டியிருக்கு என்று சொல்லுங்க. மாத்திரையை நீங்களாக நிறுத்திடாதீங்க.

"அஞ்சு வருஷமா இப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே?"

ஆகலை, சரி. தீபாவளி காலையை நினைச்சுப் பாருங்க. வெளியே மழை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. ஊரில் இருந்து வந்த உறவினர் உட்பட ஏழு பேர் வரிசையாக எண்ணெய்க் குளியல். கீசர் ஒரு மணி நேரமாக எரிகிறது. கடைசியாகப் போவது யார்? பெரும்பாலும் அடுப்படி வேலையை முடித்துவிட்டு வரும் வீட்டு அம்மாதான். அந்தக் கெட்ட காற்று மொத்தமும் அவங்களுக்கு.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்துக்கு வருவோம். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், கீசர் நிற்காது. அது பேட்டரியில் பற்றிக்கொள்கிற சாமான். கதவு அடியில் இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும், உள்ளே புதுக் காற்று வராது. குளிருது என்று ஃபேனை நிறுத்திவிட்டுக் குளிப்பவர்களும் உண்டு. உயிரை அந்த ஸ்விட்சை நம்பி விடக்கூடாது.

சரி, என்னென்ன வழி?

கீசரை மாற்றுவதென்றால் திறந்த பால்கனி. கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி இன்னொரு பாத்ரூம்தான், அது வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழேயும் வேண்டாம். மழைச் சாரலும் பலத்த காற்றும் நேராக அடிக்காத சுவராகப் பாருங்க. சிலிண்டரும் வெளியே நிற்கட்டும். வெந்நீர்க் குழாய் சிபிவிசியாக இருக்கட்டும், நீளம் குறைவாக இருக்கட்டும். முக்கால் இஞ்ச் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 8 மீட்டர் இழுத்தால் ஒவ்வொரு முறையும் 2 லிட்டர் பச்சைத் தண்ணீர் வந்த பிறகுதான் வெந்நீர் வரும்.

என்னைக் கேட்டால், 5,500 கொடுத்து மாற்றுவதற்குப் பதில் கொஞ்சம் சேர்த்துப் போட்டு 15 லிட்டர் எலக்ட்ரிக் கீசர் வாங்கிடுங்க. "கரண்ட் பில் எகிறுமே?" ஒரு பக்கெட், 15 லிட்டர் என்று வைப்போம். அதை 25 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய அரை யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 3 ரூபாய். அதே பக்கெட்டுக்கு கேஸ் 40 கிராம். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் இரண்டரை ரூபாய். ஐம்பது பைசா வித்தியாசத்துக்கா இத்தனை பயம்? ஆனால் 16 ஆம்பியர் தனி லைன், சரியான எர்த்திங், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இந்த மூன்றும் இல்லாமல் மாட்டாதீங்க. வாளியில் போடும் ஹீட்டர் ராடை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன், அது தனிக் கதை.

சொந்த வீடு, மொட்டை மாடி இருந்தால் சோலார் நல்லது. ஆனால் நமக்கு வெந்நீர் தேவைப்படும் கார்த்திகை மாசத்தில்தான் சூரியன் லீவு போடுவார். உள்ளே எலக்ட்ரிக் காயில் இருக்கிற மாடலாகப் பாருங்க.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். சுவரில் ஒரு இஞ்ச் ஓட்டைக்கு ஹவுஸ் ஓனர் சம்மதிக்க மாட்டேங்கிறார். ஓனர்களே, பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டி 'வெந்நீர் வசதி உண்டு' என்று வாடகை ஏற்றியது நீங்கள். வெளியே மாற்றும் செலவும் உங்களுடையதுதான். அவர் சம்மதிக்கும் வரை குடித்தனக்காரர்கள் கதவைத் திறந்து வைத்து பக்கெட்டில் வெந்நீர் பிடியுங்க. கீசரை அணைத்துவிட்டு, உள்ளே காற்று மாறிய பிறகு போய்க் குளியுங்க.

கடைசியாக ஒன்று. உள்ளே போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் யோசிக்காமல் கதவை உடைங்க. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளை வெளிக்காற்றுக்கு இழுங்க, கேஸை மூடுங்க, 108க்கு அடிங்க. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் நம்பாதீங்க. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் என்றே படிக்கும். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "கேஸ் கீசர் எரிஞ்சுக்கிட்டு இருந்தது" என்று சொல்லுங்க. உடனே நூறு சதவீத ஆக்சிஜன் ஆரம்பிப்பார்கள். சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். நூறு சதவீத ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.