ஹெலிகாப்டருக்கு முன்னால் ஆளைப் போடுங்கள்

சூலக்கரைமேட்டு டீக்கடையில் போன வாரம் ஒரு வாக்குவாதம். "நம்ம மாவட்டத்துக்குப் போலீஸ் ஹெலிகாப்டர் ஒண்ணு வேணும்யா. பட்டாசு ஆலையில வெடிச்சா பத்து நிமிஷத்துல வந்து நிக்கணும்" என்றார் என்னோடு ஓய்வு பெற்ற நண்பர். இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. காரணத்தை அங்கே சொல்ல விடவில்லை, இங்கே சொல்கிறேன்.

நான் எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்ஷனில் காலம் தள்ளிய குமாஸ்தா. எங்கள் ஆபீசுக்கு ஒரு முறை புது ஜீப் வந்தது. ஜீப்புக்கு அரசாணை உண்டு, டிரைவர் பணியிடத்துக்கு இல்லை. ஒன்றரை வருஷம் வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவர் வந்து சேர்ந்த அன்று பேட்டரி செத்துக் கிடந்தது. ஜீப்புக்கே இந்தக் கதி என்றால் பறக்கிற வண்டிக்கு?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2020-ல் போலீசுக்காக பவன் ஹன்ஸிடம் ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்தார்கள். மாதம் 20 மணி நேரம் பறக்க 1.44 கோடி ரூபாய். மாதத்துக்கு 720 மணி நேரம், அதில் 20. 2023-ல் வேறு நிறுவனத்திடம் 25 மணி நேரத்துக்கு 80 லட்சம் என்று குறைத்தார்கள். நல்லதுதான். ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் வண்டியும் போகும், ஓட்டுகிறவரும் போவார். போலீசிடம் மிஞ்சுவது ரசீது.

சொந்தமாக வைத்திருப்பவர்கள் பாடும் லேசானதல்ல. எல்லைப் பாதுகாப்புப் படைக்கு 1969 முதல் விமானப் பிரிவு உண்டு. ஹெலிகாப்டரில் உடன் பறக்கும் பொறியாளர்கள் போதாமல், 2025-ல் ஐந்து பேருக்குத் தாங்களே பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். இன்றும் அந்த நாட்டுச் செய்திகளை வாசிப்பதுண்டு. அங்கே மீட்புப் பணிக்கான ஹெலிகாப்டர் படை 1957-ல் தொடங்கியது. தளத்துக்குத் தளம் 'டிராகன்' என்று பெயர். பின்னால் அந்த மாவட்டத்தின் எண். பைலட்டுடன் மெக்கானிக்கும் ஏறுவார். கயிறு இறக்கி ஆளைத் தூக்கும் வின்ச்சை இயக்குவதும் அவரே. இந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் டிராகன் வெறும் தகரம்.

நம் பக்கம் வருவோம். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயின்போது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தது கோவைப் பக்கத்துச் சூலூரிலிருந்து. அதற்கு முன்பே மலையேறிப் போய், தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் கட்டிச் சுமந்தவர்கள் உள்ளூர் மக்கள்.

2012 செப்டம்பர் 5 உங்களுக்கு மறந்திருக்காது. முதலிப்பட்டியில் உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அன்று போலீசிடம் நமக்கு வேண்டியிருந்தது கூட்டத்தைத் தள்ளி நிறுத்தக் கயிறும் கான்ஸ்டபிளும். வெடிமருந்து சிதறிக் கிடக்கும் இடத்தில் ஹெலிகாப்டர் தாழ்ந்தால் அதன் காற்றே தணலை ஊதிவிடும். தள்ளித்தான் இறங்க வேண்டும். அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்க ஆம்புலன்சும், டிரைவரும், நர்சும் வேண்டுமே?

"உயிருக்கு விலை பார்க்கிறீரா?" என்று கேட்பார்கள். உயிரைப் பார்ப்பதால்தான் ஆளைக் கேட்கிறேன். சிவகாசி, சாத்தூர் தீயணைப்பு நிலையங்களில் அனுமதித்த பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று பலகையில் எழுதி வாசலில் மாட்டட்டும். தீக்காய வார்டிலும் அப்படியே. அந்தக் காலியிடங்களை நிரப்பிவிட்டு ஹெலிகாப்டர் பேசலாம்.

நண்பர் மனு எழுதட்டும். பைலட் எத்தனை, மெக்கானிக் எத்தனை, ராத்திரி ஷிப்டுக்கு யார், எங்கே இறங்கும் என்று ஒரு பத்தி அதில் இருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. இல்லாவிட்டால் வேப்பமரத்தடியை இப்போதே கூட்டி வைக்கலாம்.