ஸ்கோப் வாங்கும் முன் மவுன்ட்டைப் பாருங்க!

சிம்மக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்க்கும் இளைஞர் அவர். இரண்டு வருடம் சேர்த்துவைத்த பணத்தில் ஓர் ஏர் ரைஃபிள் வாங்கினார். பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரகம். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அடுத்த ஆசை வந்துவிட்டது. யூடியூபில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இரும்புத் தகட்டை 'டங்' என்று அடிக்கிறார். அவர் துப்பாக்கியின் தலையில் நீளமாக ஒரு ஸ்கோப்.

"எம்மா, ஒரு ஸ்கோப் மட்டும் போட்டுட்டா போதும்மா."

"துப்பாக்கிக்கு மூக்குக்கண்ணாடியா? அது எம்புட்டுடா?"

மூவாயிரம். 'லாங் ரேஞ்ச் ஹன்டிங் ஸ்கோப்' என்று ஆன்லைனில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததை ஆர்டர் செய்தார். பெட்டிக்குள் இரண்டு மவுன்ட் இலவசமாக வந்தன. பதினைந்தாவது நாள், ஸ்கோப்புக்குள் தெரியும் பிளஸ் குறி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மூவாயிரமும் போச்சு.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், அந்த ஸ்கோப் உடைந்ததற்குக் காரணம் துப்பாக்கி!

தோட்டா போட்டுச் சுடும் பெரிய ரைஃபிள், சுட்டவுடன் பின்பக்கமாக உதைக்கும். அந்த ஒரு பக்க உதையைத் தாங்குகிற மாதிரிதான் வேட்டை ஸ்கோப்புகளின் உள்பாகங்கள் அமைக்கப்படுகின்றன. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் கதை வேறு. டிரிகரை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் நகர்கிறது. மறுகணமே பிஸ்டன் முன்பக்கம் போய் நிற்கிறது. துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கிறது. அதாவது, ஒரே ஷாட்டில் இரண்டு பக்கமும் அடி. பெரிய துப்பாக்கியில் வருடக்கணக்கில் உழைக்கும் ஸ்கோப்கூட இதில் சில நாட்களில் கழன்றுவிடும். அதனால் 'ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறாரா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மற்றதெல்லாம் அப்புறம்.

'ஹன்டிங்' என்ற வார்த்தை

பெட்டியின் மேல் அது கவர்ச்சியாக இருக்கலாம். நம் ஊரில் அதற்கு இடமே இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைக் கணக்கில்தான் வரும். ஊருக்கு வெளியே வயலில் மேயும் மயில், சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. அதைச் சுட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'ஏர் கன்தானே சார்' என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத வேகச் சக்தி. இந்த இரண்டுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு, 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம் என்பதை, எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சக்திக்கு அரை கிலோமீட்டர் என்பதும் பகல் கனவுதான். அரை கிராம் எடையுள்ள பெல்லட் அது. ஸ்பிரிங் ரைஃபிளில் 25, 30 மீட்டருக்குள் பேப்பர் டார்கெட்டைத் துல்லியமாக அடித்தாலே நல்ல கை என்று அர்த்தம். அதற்கு மேல் காற்றும் புவியீர்ப்பும் சேர்ந்து பெல்லட்டை இஷ்டத்துக்கு இழுத்துப்போகும்.

3-9x40 என்றால்..?

ஸ்கோப்பில் எழுதியிருக்கும் இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உருவத்தை மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர். 40-ஐ மடங்கால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைத்துவிடும். நான்கு மடங்கில் வைத்தால் 10 மி.மீ., ஒன்பதில் வைத்தால் 4.4 மி.மீ. மடங்கு கூடக்கூட, படம் மங்கும். கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகத் தெரியும். 25 மீட்டருக்கு 4 மடங்கே தாராளம். 24 மடங்கு, 32 மடங்கு என்று விலை மலிவாகக் கிடைத்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

பட்ஜெட் ஸ்கோப்பில் பலரும் கோட்டைவிடுவது 'பேரலாக்ஸ்' விஷயத்தில். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவரின் ஸ்பீடாமீட்டரை எட்டிப் பாருங்கள். முள் வேறு எண்ணைக் காட்டும். ஸ்கோப்பிலும் அப்படித்தான். கண் கொஞ்சம் நகர்ந்தால், பிளஸ் குறியும் டார்கெட்டின் மேல் நகரும். வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டு வருகின்றன. 20 மீட்டரில் அவை பொய் சொல்லும். முன்பக்க வளையத்தைத் திருப்பி 10 மீட்டர் வரை தூரத்தைக் குறைக்க முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

பட்டறை அண்ணன் சொன்னது

உடைந்த ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு அந்த இளைஞர் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் ஸ்கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மவுன்ட்டைக் கையில் வாங்கி, வெர்னியரை வைத்து அளந்தார்.

"தம்பி, உங்க ரைஃபிள் மேல இருக்கிற பள்ளம் 11 மில்லி. இந்தக் கிளாம்ப் 20 மில்லி ரெயிலுக்குச் செஞ்சது. நடுவுல எதையோ சொருகி டைட் வெச்சிருக்கீங்க. அப்புறம் எப்படிண்ணே நிக்கும்?"

'தம்பி'யும் 'அண்ணே'யும் ஒரே மூச்சில் வந்தது மதுரைப் பாசம். சொன்ன விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஏர் ரைஃபிள்களில் இருப்பது பெரும்பாலும் 11 மி.மீ. அகலத்தில் புறாவால் போல வெட்டிய பள்ளம். பெரிய ரைஃபிள்களில் இருப்பது 20 மி.மீ.க்குச் சற்று மேல் அகலமான, குறுக்கே பள்ளங்கள் வெட்டிய ரெயில். ஒன்றின் மவுன்ட் மற்றதில் உட்காராது. அதேபோல ஸ்கோப்பின் குழாய் 25.4 மி.மீ.யா, 30 மி.மீ.யா என்று பார்த்துத்தான் வளையம் வாங்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும், அந்த இரட்டை உதையில் மவுன்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க, அடியில் ஒரு சின்ன பின் வைத்த மவுன்ட் கிடைக்கிறது. ரைஃபிளின் மேல்பாகத்தில் அதற்கென்று ஒரு குழி இருக்கும். பின் அதில் இறங்கினால் ஊராது. தனித்தனியான இரண்டு வளையங்களைவிட, ஒரே துண்டாக வரும் மவுன்ட்டுக்குப் பிடிமானம் அதிகம். கையில் 5,000 ரூபாய் இருந்தால் 1,000, 1,200-ஐ மவுன்ட்டுக்கு ஒதுக்குங்கள். ஓசியில் வருவதை ஓரமாக வையுங்கள்.

மாட்டுவதிலும் பக்குவம் வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். வளையத்தின் இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். 'இன்னும் ஒரு சுத்து' என்று ஆலன் கீயைத் திருகினால் குழாய் நசுங்கிவிடும். பிறகு ஐந்து ஷாட் சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருகை நகர்த்துங்கள். ஒரு ஷாட்டை நம்பித் திருகாதீர்கள். கால் மினிட் ஸ்கோப் என்றால், ஒரு 'கிளிக்'குக்கு 20 மீட்டரில் சுமார் ஒன்றரை மி.மீ. நகரும்.

இதையெல்லாம் சிம்மக்கல் மொட்டை மாடியில் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வீடு கை எட்டுகிற தூரம். தண்ணீர் டேங்க்கிலோ இரும்புக் கம்பியிலோ பட்டுத் திரும்பும் பெல்லட் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். ஸ்கோப்பை பைனாகுலர் மாதிரி வைத்துத் தெருவை வேடிக்கை பார்ப்பதும் கூடாது. ஸ்கோப் திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்புகிறது. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தால் இடமும் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு.

அந்த இளைஞரும் கிளப்பில்தான் போய் நின்றார், எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கையோடு. ஸ்கோப் வாங்க நினைத்ததே பாதி அவளுக்காகத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்தக் கனவு. அங்கேதான் தெரிந்தது, 10 மீட்டர் போட்டியில் டெலஸ்கோப் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம். அதன் வழியாகப் பார்த்துத்தான் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்க வேண்டும். புது ஸ்கோப்புக்கு எடுத்துவைத்த பணம், பயிற்சிக் கட்டணமானது.

விஷயத்தைக் கேட்ட அம்மாவுக்கு ஒரே சந்தேகம்தான்.

"அப்ப துப்பாக்கிக்கு மூக்குக்கண்ணாடி வேணாமா?"

"வேணாம்மா. பாப்பாவுக்குப் பவர் இருந்தா அவ போட்டுக்கலாமாம்."