பசிக்கு ஏது கோடை விடுமுறை?

தமிழ்நாட்டில் 2023-ல் உயர் வகுப்புகளுக்கு ஜூன் 1 என்றிருந்த பள்ளித் திறப்பு 7 ஆகி, பிறகு 12 ஆயிற்று. 2024-ல் ஜூன் 6 என்பது 10 ஆயிற்று. காரணம் வெயில். பிஞ்சுகளை அனலில் வாட்டும்படி நாம் சொல்லவில்லை. தள்ளிவைத்தது சரியே!

ஆனால் யாரைக் கேட்டுத் தள்ளிவைத்தார்கள்? பணக்கார வீட்டுக்கு விடுமுறை நீண்டால் மலைவாசம் நீளும். விடிந்ததும் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் ஓடும் தாய்க்கோ, பள்ளியோடு சேர்த்துப் பிள்ளையின் மதியச் சோறும் பூட்டப்படுகிறது!

2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், 5-வது பிரிவு, என்ன சொல்லுகிறது? குழந்தைக்குத் தினமும் ஒருவேளை இலவச உணவு - பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக! பள்ளிக்கு விடுமுறை உண்டு, வயிற்றுக்கு உண்டா?

முடியாத காரியமா இது? வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரவேண்டும் என்று 2004 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டது. வறட்சிக்குப் பொருந்திய நியாயம் வெயிலுக்குப் பொருந்தாதா?

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோரே. தேதி குறிக்குமுன் அவர்களைக் கேளுங்கள்! விடுமுறையிலும் சத்துணவுக் கூடத்தைத் திறங்கள்! அங்கு உழைக்கும் ஊழியருக்கு அந்நாட்களுக்குரிய ஊதியத்தையும் கொடுங்கள்!

பெற்றோர்களே! அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குங்கள். கேளாத வரை கதவு திறக்காது!