கடல் ஆய்வுக்கு வாருங்கள், முடிவைக் கரையிலும் சொல்லுங்கள்

கற்பிட்டியின் கண்டக்குழிக் கரையில் வலையும் வள்ளமும் நம்பி வாழும் தொழிலாளரின் சங்கம் என்ற முறையில், எங்கள் கடலில் நடக்கும் ஆய்வுகள் பற்றிய நிலைப்பாட்டை இங்கே பகிரங்கமாக வைக்கிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பொதுமக்கள் வரிப்பணத்தில் சேர்ந்து செய்யும் ஆய்வுகளை நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆய்வின் முடிவு கட்டுரையாக அச்சேறும்போதே, தமிழிலும் சிங்களத்திலும் இந்தக் கரைக்கு வந்து சேரவேண்டும்.

ஆதரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு வடமேற்கே கிடக்கும் பார், அதாவது பவளப்பாறைத் தொகுதி, 1992இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர் பரப்பு. அந்தக் காலத்திலேயே சுவீடனின் ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நம் நாட்டின் நீரியல்வள ஆய்வு நிறுவனமான நாராவினரும் அங்கே முருகைக்கற்களையும் மீன்களையும் கணக்கெடுத்திருந்தார்கள். 1998இல் கடல்நீர் சூடேறி முருகைக்கற்கள் வெளுத்துச் செத்தன. மறு வருடமே சுவீடன் அரசின் நிதியில், இந்து சமுத்திர நாடுகளைச் சேர்த்து ‘கோர்டியோ’ என்ற கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. முன்கூட்டியே அளந்து வைத்திருந்ததால்தான் எவ்வளவு போயிற்று, பிறகு எவ்வளவு தளிர்த்தது என்று சொல்ல முடிந்தது. பார் வெளுத்ததை நாங்களும் கண்ணால் கண்டோம். ஆனால் கண்ணால் கண்டதை வைத்துக்கொண்டு எந்தத் திணைக்களத்திடம் போய் வழக்குச் சொல்வது?

கண்டல் நடுகை இன்னும் நல்ல உதாரணம். சுனாமிக்குப் பிறகு நாடு முழுவதும் கண்டல் நட்டார்கள். பணம் வந்தது, பலகை நட்டார்கள், படம் பிடித்தார்கள். அதில் எது பிழைத்தது என்று ருகுணு பல்கலைக்கழகமும் பிரசெல்ஸ் நகரின் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து போய்ப் பார்த்து 2017இல் எழுதின. நட முயன்றது 1,000 ஹெக்டெயருக்கு மேல். நின்றது 200 சொச்சம். 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நீர்மட்டம் பாராமல் நட்டது, மாடு மிதித்தது, பாசி படர்ந்தது, நட்ட பிறகு திரும்பிப் பாராதது என்று காரணங்களையும் அடுக்கினார்கள். பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: நீர்கொழும்பு, பம்பளை, எங்கள் கற்பிட்டி. பலகை நட்டவர்கள் தாமாக இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கமாட்டார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் தனியாகச் சொல்லியிருந்தாலும் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும் என்பது சந்தேகம்.

வெளிநாட்டவரை அண்டவே விடக்கூடாது என்று சொல்பவர்களும் நம் நாட்டில் உண்டு. ஆய்வுக் கப்பல்கள் உளவு பார்க்கின்றன என்ற வல்லரசுகளின் சண்டையில் அகப்பட்டு, 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு அரசாங்கம் தடை போட்டது. உளவுக் கப்பலையும் மீன் கணக்கெடுக்கும் கப்பலையும் ஒரே கயிற்றில் கட்டியது சரியல்ல என்பது எங்கள் கருத்து. நோர்வேயின் நிதியில் ஓடும் ‘நான்சன்’ கப்பல் 1978 முதல் 1980 வரை நம் கடலில் மீன்வளம் அளந்தது. அது போன்ற அடுத்த அளவீடு 2018இல்தான். ஏறத்தாழ நாற்பது வருட இடைவெளி! மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 0.12 அளவே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாடு, கதவையும் சாத்திக்கொண்டு எதை அறியப் போகிறது?

இனி எங்கள் முறைப்பாடு. ஆய்வுக் குழுக்கள் பல வருகின்றன. எந்த இடத்தில் எந்தப் பார் கிடக்கிறது, எந்த நீரோட்டத்தில் எப்போது இறங்கலாம் என்பதெல்லாம் எங்கள் ஓட்டிகளுக்குத்தான் தெரியும். பீ.வி.சி. குழாயில் செய்த சதுரச் சட்டத்தைக் கல்லின்மேல் வைத்துப் படம் எடுக்கும்வரை வள்ளத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். கரையில் வினாக்கொத்து நடக்கும்: எத்தனை கிலோ மீன், எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய், பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு. ஆங்கிலப் படிவத்தில் சம்மதம் என்று கையெழுத்து வாங்குவார்கள். பிரதி தருவதில்லை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கட்டுரையில் ஓட்டியின் பெயர் நன்றியுரையிலாவது வந்ததா என்று பார்க்கவும் எங்களுக்கு வழியில்லை.

இது எங்கள் கரைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2020இல் இதைக் ‘காலனித்துவ விஞ்ஞானம்’ என்றே எழுதினார். பவளப்பாறை ஆய்வுகளைப் பற்றி 2021இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் களப்பணி செய்து எழுதிய கட்டுரைகளில் நூற்றுக்கு நாற்பதில் அந்த நாட்டு விஞ்ஞானி ஒருவர்கூட இல்லை.

நாங்கள் கேட்பது புதுமையும் அல்ல. தென்னாபிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017இல் தங்களை ஆராய வருவோருக்கென்று ஒரு நெறிக்கோவை வகுத்தார்கள். அதற்கு உதவியது ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ஓர் ஆய்வுத் திட்டமே. அதே திட்டம் 2018இல் வெளியிட்ட உலக நெறிக்கோவை, ஆய்வின் முடிவை உள்ளூர் மக்களுக்கு விளங்கும் விதத்தில் தெரிவிக்கவேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தன் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு வழிகாட்டியாக ஏற்றிருக்கிறது. 2021 முதல் 2027 வரைக்கெனத் தொடக்கத்தில் 95.5 பில்லியன் யூரோ ஒதுக்கிய ‘ஹொரைசன் யூரோப்’ திட்டத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களும் நிதி பெறலாம். அதில் வரும் கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கவேண்டும் என்பதும் விதி. நல்ல விதிதான். ஆனால் ஆங்கிலத்தில் திறந்து கிடப்பது எங்கள் வாடிகளுக்குப் பூட்டிக் கிடப்பதற்குச் சமம்.

ஆகவே, நிதி கேட்டு எழுதும்போதே மொழிபெயர்ப்புக்கும் கரையில் ஒரு கூட்டத்துக்கும் செலவு ஒதுக்குங்கள். ஒரு முழுத் திட்டத்தின் செலவில் அது மிகச் சிறிய தொகை. வயம்ப, யாழ்ப்பாணம், ருகுணு, பேராதனை என்று கடலும் மீனும் படிக்கும் நம் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தரவு சேர்க்கும் கூலியாட்களாக வைக்காமல், கேள்வியை வகுக்கும் முதல் நாளிலிருந்தே பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த தரவின் பிரதி ஒன்று கற்பிட்டியிலுள்ள நாரா பிராந்திய நிலையத்தில் இருக்கட்டும்.

முடிவு எங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் சொல்லுங்கள். களப்புப் புல்லில் இழுக்கும் வலையை நிறுத்தவேண்டும், சில மாதம் பாரை மூடவேண்டும் என்று ஆய்வு சொல்லக்கூடும். எங்களுக்குள்ளேயே அதைப் பற்றிச் சண்டை வரும். வரட்டும். தடை வந்த பிறகு பொலிஸார் வாயால் கேட்பதைவிட, ஆய்வு செய்தவர் வாயாலேயே முதலில் கேட்டு, எதிர்க்கேள்வி கேட்க விரும்புகிறோம்.

கடல் அமரும் கார்த்திகை மாதத்திலிருந்து, வள்ளம் கேட்டு வரும் ஒவ்வொரு குழுவிடமும் சங்கம் ஒரு பக்கத் தாள் கேட்கும். பணம் எங்கிருந்து வருகிறது, உள்ளூர்ப் பல்கலைக்கழகம் எது, முடிவை எப்போது எந்த மொழியில் கொண்டு வருவீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். அந்தத் தாளைத் தராத குழுவுக்கு எங்கள் உறுப்பினர்கள் வள்ளமும் தரமாட்டார்கள், வினாக்கொத்துக்குப் பதிலும் சொல்லமாட்டார்கள்.