ராயபுரத்துப் பாட்டு

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் ஸங்கீதம் எங்கே நடக்கிறதென்று யாரும் கேட்பதில்லை. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் தம்பூரா சுருதி கூட்டப்பட்டுவிடும். துறைமுகத்தை அடுத்த ராயபுரம், அதற்கு வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் பக்கங்களிலோ பாட்டுக்கு மாதக் கணக்குக் கிடையாது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் இரவு முழுவதும் பாட்டு நடக்கும். பகலெல்லாம் மூட்டை தூக்கியவர்களும் ஆலையில் உழைத்தவர்களும் டோலக் ஓசையுடன் இறந்தவரின் பெருமையைக் கோத்துப் பாடுவார்கள். அதற்குக் கானா என்று பெயர்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிணத்தின் அருகே அமர்ந்து ஒப்பாரி வைப்பது தொன்றுதொட்டுப் பெண்களின் கலை. வாசலில் பந்தலின் கீழ் நடக்கும் கானாவோ ஆண்களின் ஏகபோகம். அழுகை பெண்ணுக்கு, பாட்டு ஆணுக்கு என்று பாகப் பிரிவினை செய்துவிட்டார்கள். என்ன நியாயமோ!

அந்த ஏகபோகத்தில் கை வைத்தவர் ராயபுரத்து இசைவாணி. தந்தை வாத்தியக்காரர். சிறு பெண்ணாக மேடையேறி ஸினிமாப் பாட்டுக்கள் பாடிப் பழகியவர் இவர். 2017-ல் டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கோஷ்டியைத் திரட்டினார்கள். சாதியற்றவர்கள் என்னும் அந்தப் பெயர், 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பிறந்தது. கோஷ்டியிலிருந்த 19 பேரில் பெண் இசைவாணி ஒருவரே.

2018 ஜனவரி 6-ந் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அரங்கேற்றம். கிட்டாரும் மேனாட்டு டிரம்மும் ஒரு பக்கம். பறையும் சட்டியும் மறு பக்கம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள்.

அமெரிக்காவில் காப் காலோவே என்ற நீக்ரோப் பாடகர் 1931-ல் நியூயார்க் ஹார்லெமிலுள்ள காட்டன் கிளப்பில் பெரிய வாத்திய கோஷ்டி நடத்திப் புகழடைந்தார். மேடையில் ஆடிப் பாடியவர்கள் கறுப்பர்கள்; நாற்காலியில் அமர்ந்து ரஸித்தவர்கள் வெள்ளையர்கள். பாடியவரின் சொந்த ஜனங்களுக்கு உள்ளே இடமில்லை. கீழ்ப்பாக்கத்து மைதானத்தை நினைக்கும்போது இந்த வித்தியாஸம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. இங்கே பாட்டும் வடசென்னையினுடையது. கேட்க வந்தவர்களிலும் வடசென்னையார் நிறைய.

பிறகு கியாதி வேகமாக வந்தது. 2020-ல் பி.பி.ஸி. உலகத்துப் பெண்மணிகள் நூறு பேரைத் தேர்ந்தெடுத்தபோது இசைவாணியின் பெயரும் அதில் இருந்தது. மறு வருஷம் டெலிவிஷன் பந்தயம் ஒன்றிலும் கலந்துகொண்டார். அதைப் பற்றி நமக்கு அவ்வளவு உற்சாகமில்லை.

புகழுக்கு விலையும் உண்டு. பெண்களின் கோவில் நுழைவைப் பற்றி அவர் முன்பு பாடிய பாட்டு ஒன்று, சில வருஷங்கள் கழித்து 2024 நவம்பரில் பெரும் சச்சரவாகிப் போலீஸ் புகார்கள் வரை போயிற்று. பாட்டை ஒப்பாதவர்கள் அதை மறுத்துப் பேசட்டும், எழுதட்டும். பாடியவளைத் தூற்றுவது விமரிசனமாகாது.

இதற்கிடையே வேறு சில இளம் பெண்களும் கானா பாட முன்வந்திருக்கிறார்கள். டிஸம்பர் கச்சேரிகளுக்கு ஜாபிதா தயாரிக்கும் ஸபாக் காரியதரிசிகள் ஒரு மாலை ராயபுரம் பாலத்தைத் தாண்டிப் போய் அவர்களைக் கேட்டுவிட்டு வரலாம். டிராம் இல்லாவிட்டாலும் ரயில் இருக்கிறது.