விடையைத் தெரிவு செய்யும் பிள்ளையும் வினாவைக் கேட்கும் பிள்ளையும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நமது பத்திரிகைகள் யாவும் ஒரே முகத்துடன் வெளிவருவது வழக்கம். அதிக புள்ளி பெற்ற பிள்ளைகளின் படங்கள், மாவட்ட வெட்டுப்புள்ளிகள், கல்வி நிலையங்களின் வாழ்த்து விளம்பரங்கள் என்று பக்கங்கள் நிறைந்துவிடும். அந்தப் படங்களில் இடம்பெறாத பிள்ளைகளே பெரும்பான்மையினர். ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் தோற்றும் பரீட்சை இது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேயே நின்றுவிடுகின்றனர்.

இந்தப் பரீட்சை நல்ல நோக்கத்துடனேயே தொடங்கப்பட்டது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், இலவசக் கல்வித் திட்டத்தோடு இணைந்து, கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்கு அழைத்துச் செல்லும் வழியாக அது அமைந்தது. இன்றோ நகரத்துப் பிரபல பாடசாலைக்கான அனுமதிச்சீட்டாகவே பெற்றோர் அதனைக் காண்கின்றனர். 2024 செப்டெம்பரில் முதலாம் வினாத்தாளின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றதை வாசகர்கள் அறிவார்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சை ஒன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் நிலைக்கு வந்திருக்கிறது என்பது ஒன்றே அதன் பாரத்தைச் சொல்லப் போதுமானது.

பரீட்சையை ஒழிப்பதா, திருத்துவதா என்ற விவாதம் நீண்டகாலமாக நடைபெறுகிறது. இனியும் நடைபெறும். அதன் முடிவுக்குக் காத்திருக்காமல், தரம் 4, தரம் 5 வகுப்பறைகளில் நாளையே செய்யக்கூடியவை சில உண்டு என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

பத்திரிகையொன்றின் சிறுவர் பகுதிக்கு வரும் கடிதங்களைப் பார்க்கும் பொறுப்பு சில காலம் எனக்கு இருந்தது. ‘எனது செல்லப்பிராணி’, ‘நான் ஒரு பறவையானால்’, ‘எங்கள் வீட்டுத் தோட்டம்’ என்ற தலைப்புகளில் கட்டுரைகள் குவியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததா, ஹற்றனிலிருந்து வந்ததா, மூதூரிலிருந்து வந்ததா என்று உறையின் முத்திரையைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கும். எல்லா நாயும் நன்றியுள்ளதாகவே இருக்கும். எல்லாத் தோட்டத்திலும் ரோசாவும் மல்லிகையுமே பூக்கும். பிள்ளைகள் தம் கண்ணால் கண்ட எதனையும் எழுதவில்லை. கேட்கப்பட்டதற்கு ஆயத்தமாக இருந்த விடையையே எழுதினார்கள்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை வாசிக்கக் கற்பதை முடித்து, வாசித்து அறியத் தொடங்கும் பருவத்தில் நிற்கிறது. ‘ஏன்’ என்று இடையறாது கேட்கும் பருவமும் அதுவே. சரியாக அந்த வேளையில்தான், தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் பயிற்சியை நாம் அதன் கையில் திணிக்கிறோம். கேள்வி கேட்பதை மறந்த பிள்ளை, பின்னர் பல்கலைக்கழகம் சென்றாலும் குறிப்புகளை மனனம் செய்யும் பிள்ளையாகவே இருக்கக் காண்கிறோம்.

செய்தியாளனின் தொழிலில் உள்ள பழக்கங்கள் மிக எளியவை. போய்ப் பார்த்தல், கேட்டல், சரிபார்த்தல், எழுதுதல், திருத்துதல் என்பனவே அவை. இவற்றைத் தொடக்கநிலை வகுப்புக்குக் கொண்டுவருவது புதிய சிந்தனையன்று. முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயமடைந்து, நீண்டநேரம் பேச இயலாத நிலையில் தென் பிரான்சின் கிராமத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியரான செலஸ்தீன் பிரெனே, பிள்ளைகளை வெளியே நடத்திச் சென்று, கண்டவற்றை எழுதச் செய்தார். 1924 அளவில் சிறிய அச்சுப்பொறியொன்றை வகுப்பறைக்குள் வைத்தார். பிள்ளைகள் தாமே எழுத்துக் கோத்து, தம் எழுத்தை அச்சிட்டு, தூரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பினர். தம் எழுத்தை வாசிக்க உண்மையான ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தபோது அவர்கள் கவனமாக எழுதினார்கள்.

நமக்கு அச்சுப்பொறி தேவையில்லை. நான்கு செயல்களை மட்டும் முன்வைக்கிறேன்.

முதலாவது, தலைப்பிடுதல். பழைய பத்திரிகையின் உட்பக்கத்துச் சிறிய செய்திகள் சிலவற்றை எடுத்துத் தலைப்புகளை வெட்டி நீக்கிவிட வேண்டும். நால்வர் கொண்ட குழுவுக்கு ஒரு செய்தி. வாசித்து, ஆறு சொற்களுக்கு மேற்படாமல் தலைப்பிட வேண்டும். பின்னர் வெட்டிய தலைப்பைக் காட்டி, எது பொருத்தம் என்று விவாதிக்க விடலாம். மையக்கருத்தை அறிதல் என்று பாடநூல் கூறுவது இதுவே. கொலை, விபத்துச் செய்திகளைத் தவிர்ப்பது அவசியம். காலநிலை, விளையாட்டு, விலங்குகள், ஊர்ச் செய்திகளே இந்த வயதுக்கு ஏற்றவை.

இரண்டாவது, நேர்காணல். தபாற்காரர், மீன்பிடிப்பவர், கொழுந்து பறிக்கும் தாய், சைக்கிள் திருத்துபவர் என்று ஊரில் தொழில் செய்யும் ஒருவரை இருபது நிமிடங்கள் வகுப்புக்கு அழைக்க வேண்டும். முதல்நாளே பிள்ளைகள் கேள்விகளை எழுதி வைப்பார்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடும் கேள்விகளை அவர்களே நீக்க வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்ற ஆறும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மறுநாள் ஒவ்வொருவரும் ஐந்து வரி எழுதுவர். ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றே: “இதை உனக்குச் சொன்னவர் யார்?”

மூன்றாவது, மழையை அளத்தல். நேரான பக்கங்களையுடைய பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் உள்ளே வைக்கலாம். அடிப்பகுதி சமமாக இராதாகையால், கூழாங்கற்களைப் போட்டு, அடிமட்டத்தின் பூச்சியக் கோடு வரை நீர் ஊற்றிவிட வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தினமும் ஒரே நேரத்தில் அளந்து பதிந்தால், சில வாரங்களில் கூட்டல், சராசரி, வரைபு யாவும் பிள்ளையின் சொந்தக் கணக்காகிவிடும். பத்திரிகை தரும் மழைவீழ்ச்சி அளவோடு ஒப்பிட்டு, ஏன் வேறுபடுகிறது என்று கேட்கலாம். தம்புள்ளைச் சந்தையின் மரக்கறி விலையையும் ஊர்க்கடை விலையையும் இவ்வாறே ஒப்பிடலாம். லொறிக் கூலியும் அழுகிப்போகும் தக்காளியும் அப்போது பாடத்துக்குள் வந்துவிடும்.

நான்காவது, சுவர்ப் பத்திரிகை. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறமே போதும். வாரந்தோறும் ஐவர் ஆசிரியர் குழுவாக மாறி மாறிப் பொறுப்பேற்பர். சிவப்பு மையால் எல்லாப் பிழைகளையும் ஆசிரியர் ஒரேயடியாகத் திருத்தலாகாது. எழுதிய பிள்ளை அதனை நண்பனுக்கு உரத்து வாசிக்கட்டும், விளங்காத இடத்தை மாற்றட்டும். ஒரு மூலையில் ‘திருத்தம்’ என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். சென்ற வாரம் பிழையாக வந்த தகவலை அங்கே பிள்ளைகளே திருத்துவார்கள். பிழையைத் திருத்துவது அவமானமன்று என்பதைப் பத்து வயதில் கற்றவர், வளர்ந்த பின் வதந்தியை அவ்வளவு எளிதில் பரப்பமாட்டார்.

ஆசிரிய நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்பது தெரியும். நாற்பது பிள்ளைகள், முடியாத பாடத்திட்டம், நிரப்ப வேண்டிய படிவங்கள், ‘கடந்தகால வினாத்தாள் செய்விக்கவில்லையா’ என்று வாசலில் நிற்கும் பெற்றோர். இவை பொய்யல்ல. அதனாலேயே வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டும் கேட்கிறேன். தலைப்பிடுதல் இரண்டாம் வினாத்தாளின் விளங்கிக்கொள்ளற் பகுதிக்கும், மழைக்கணக்கு கணிதத்துக்கும் உதவும் என்று பெற்றோருக்குச் சொல்லலாம். தரம் 4ஐயும் தரம் 5ஐயும் ஓராசிரியரே கவனிக்கும் சிறிய பாடசாலைகளில், பெரிய பிள்ளைகளும் சிறிய பிள்ளைகளும் சேர்ந்து செய்யும் சுவர்ப் பத்திரிகை ஆசிரியரின் சுமையைக் குறைக்கவே செய்யும்.

வளங்கள் இல்லை என்பது மற்றொரு காரணம். 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கிடைத்த தாளிலெல்லாம் அச்சாகின. தட்டுப்பாடு நமக்குப் புதிதன்று. நான் கேட்கும் நான்கு செயல்களுக்கும் புதிய தாள் தேவையில்லை, சென்ற மாதத்துப் பத்திரிகை போதும்.

இரு தரப்பாரிடம் எனக்கு வேண்டுகோள் உண்டு. பத்திரிகை நிறுவனங்களும் விநியோகத்தர்களும் விற்பனையாகாத பிரதிகளை நிறுத்துக் கழிவுத்தாளாக விற்பதற்கு முன்னர், பத்துப் பிரதிகளை அருகிலுள்ள தொடக்கநிலைப் பாடசாலைக்கு, முதலில் தோட்டப் பாடசாலைகளுக்கு, கொடுத்தால் என்ன?

மற்றையது புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள். நுழைவாயில் வளைவுகளும் திரைக் கருவிகளும் அன்பளிப்பு செய்கிறீர்கள், நல்லது. அவற்றோடு ஊர்ப் பாடசாலையின் தரம் 4, தரம் 5 வகுப்புகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டி ஒரு பத்திரிகையும் வரச் செய்யுங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் உங்கள் பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ஐந்து கேள்விகள் எழுதிக் கேட்கட்டும். பதிலுக்கு அவர்களும் ஐந்து கேள்விகள் கேட்பார்கள். வினாத்தாளில் இல்லாத அந்தக் கேள்விகளுக்கு இருபுறத்துப் பிள்ளைகளும் சொந்தத் தமிழில் பதில் எழுதியாக வேண்டும்.