மகோகனி என்னும் ஒற்றைப் பெயர்

2022 நவம்பரில் பனாமாவில் கூடிய அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளது 19ஆம் மாநாடு, ஆப்பிரிக்க மகோகனி எனப்படும் காயா பேரினத்தில் அக்கண்டத்து மரங்கள் முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. அம்முடிவு 2023 பிப்ரவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆறு வாரங்களுக்குள், ஏப்ரல் 1 அன்று, சைட்டிஸ் இனங்களுக்கெனத் தனி அட்டவணை கொண்ட வன உயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டமும் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துள்ளது. மரம் வளர்ப்போரும் அறுவை ஆலை நடத்துவோரும் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியுள்ளது.

காயாவைப் பட்டியலிட்டது சரியான முடிவு என்பதே இவ்விதழின் கருத்து. கியூபாவிலும் ஜமைக்காவிலும் பருத்த மகோகனி மரங்கள் தீர்ந்தபோது வணிகம் ஹோண்டுராசுக்கு நகர்ந்தது. அங்கும் அமேசான் படுகையிலும் பெரிய இலை மகோகனி அருகி, 2003 நவம்பரில் அது இரண்டாம் பின்னிணைப்பின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, அதன் இடத்தை நிரப்பும் சுமை மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளின் மீது மேலும் ஏறியது. வெட்டப்பட்ட இனம் ஒவ்வொரு முறையும் மாறியது, விற்கப்பட்ட பெயர் மட்டும் மாறவில்லை. சுருங்குதலும் முறுக்குதலும் குறைந்த, உளிக்கு இணங்கும் செந்நிற வைரம் எதுவாயினும் அறைகலன், படகு, கிட்டார்க் கழுத்து, வார்ப்பட மாதிரி ஆகியவற்றுக்கு மகோகனி என்றே விலைபோயிற்று. மகோகனி அடங்கிய வேம்பின் குடும்பத்தைச் சேராத ஷோரியா மரங்கள்கூடப் பிலிப்பைன் மகோகனி என்ற பெயரில் சந்தையில் நிற்கின்றன.

பட்டியலின் உட்பிரிவுகள் ஒன்றுபோல் இல்லாததால் இங்குள்ளவர் கவனிக்க வேண்டியது வேறாகிறது. காயாவுக்கான பதிவு ஆப்பிரிக்காவில் வளர்ந்த மரங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஆகவே தமிழ்நாட்டுத் தோட்டத்தில் வளரும் காயா செனகலென்சிஸ் அதற்குள் வராது. பெரிய இலை மகோகனியான சுவிட்டீனியா மேக்ரோஃபில்லாவுக்கான பதிவும் வெப்பமண்டல அமெரிக்க மரங்களோடு நின்றுவிடுவதால், இந்தியத் தோட்டத்து மரமும் ஃபிஜித் தோட்டத்து மரமும் அதற்கு வெளியே உள்ளன. ஆனால் சிற்றிலை மகோகனியான சுவிட்டீனியா மகாகனிக்கு 1992இல் செய்யப்பட்ட பதிவில் இத்தகைய நில எல்லை எதுவும் இல்லை. அது எங்கு வளர்ந்திருந்தாலும், அதன் தடியும் அறுத்த பலகையும் வெனீரும் நாட்டின் எல்லையைக் கடக்க, நட்டு வளர்க்கப்பட்ட மரம் என்பதற்கான சான்றிதழ் வேண்டும். கலப்பினத்துக்கும் விலக்கு இல்லை, ஏனெனில் பெற்றோரில் ஒன்று பட்டியலில் இருந்தால் அதன் வழித்தோன்றலும் பட்டியலில் இருப்பதாகவே சைட்டிஸ் கொள்கிறது. இவ்விரு சுவிட்டீனியாக்களும் அருகருகே நடப்பட்ட இடங்களில் தாமாகவே கலப்பவை.

ஒரே வரப்பில் நிற்கும் மூன்று மரங்களுள் ஒன்று சட்டத்துக்குள்ளும் இரண்டு சட்டத்துக்கு வெளியிலும் இருக்கலாம் என்பதே இதன் பொருள். எது எந்த மரம் என்று நடும்போது வளர்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை, ஏனெனில் கன்று வந்த பாலித்தீன் பையில் தாவரவியல் பெயர் எழுதப்படவில்லை. இவ்விதழ் நெடுங்காலமாக முறையிட்டு வருவது இதைத்தான். சிற்றிலை இனம் 1795இல் ஜமைக்காவிலிருந்து கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கும், பேரிலை இனம் 1872இல் ஹோண்டுராஸ் விதையாகவும் இந்நாட்டுக்கு வந்தன. வெள்ளைக்கார ஆட்சியின் பதிவேடு இரண்டையும் பிரித்து எழுதியது, இன்றைய நாற்றங்கால் பட்டியலோ இரண்டையும் மகோகனி என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது. மானியத்தில் தரும் கன்றாயினும் காசு கொடுத்து வாங்கும் கன்றாயினும் நிலைமை இதுவே.

இதற்குச் சட்டமே இடம் தந்துள்ளது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர், எண்ணெய் வித்து, பழம், காய்கறி, பருத்தி, கால்நடைத் தீவனம், பின்னர் சணல் என்று விதைக்கு வரையறை தருகிறது. தடிமரம் அவ்வரையறையில் இல்லை. கத்தரி விதைப் பொட்டலத்தில் இரகத்தின் பெயர் தவறினால் கேட்க ஆள் உண்டு. இருபது ஆண்டு நிலத்தைப் பிடித்து வைக்கும் மரக்கன்று எந்த இனம், எந்தத் தாய்மரத்து விதை என்று கேட்க எவருமில்லை. கன்றை வழங்கும்போது இனத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்றிருந்த அதே அதிகாரம், பலகையைக் கப்பலில் ஏற்றும்போது அப்பெயரைச் சான்றோடு கேட்பது எவ்வகை நியாயம் என்று விளங்கவில்லை. பிழை பையில் தொடங்கியது, தண்டனை மட்டும் வளர்த்தவருக்கு.

மரம் காய்த்தபின் இனங்காண்பது அரிதும் அன்று. சுவிட்டீனியாவின் காய் நிமிர்ந்து நின்று பெரும்பாலும் ஐந்து வால்வுகளாக வெடிக்கும். அதன் விதைக்கு ஒரு முனையில் நீண்ட இறகு இருக்கும். காயா செனகலென்சிஸின் காய் உருண்டையானது, நான்கு வால்வுகளாகப் பிளக்கும். அதன் விதை தட்டையாக, சுற்றிலும் மெல்லிய விளிம்போடு இருக்கும். சிற்றிலை மகோகனியின் காய் 10 செ.மீ.க்குள் நின்றுவிட, பேரிலை இனத்தின் காய் 12 செ.மீ.க்கு மேல் நீளும். சிற்றிலைகளின் அளவும் இதே போக்கில் வேறுபடும். அறுத்த மரத்தில், வளர்ச்சி வளையத்தின் ஓரத்தில் ஓடும் வெளிறிய பாரன்கைமாக் கோடு சுவிட்டீனியாவுக்கு உரியது; காயாவில் அது பொதுவாகத் தெளிவாக இராது. காயாவா சுவிட்டீனியாவா என்பதைக் கைக்கண்ணாடி சொல்லிவிடும், ஆனால் இரண்டு சுவிட்டீனியாக்களுள் எது என்பதைப் பலகையிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே மரம் நிற்கும்போதே இனத்தை எழுதி வைப்பது தவிர வேறு வழியில்லை.

நாற்றங்கால் ஒவ்வொன்றும் பையில் தாவரவியல் பெயரையும் விதை எடுத்த இடத்தையும் அச்சிட வேண்டும் என்று அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். விதைச் சட்டத்தின் வரையறை தடிமரத்துக்கும் விரிய வேண்டும். அதுவரை வாசகர்கள் வரும் கோடையில் காய் வெடிக்கும் முன் ஒவ்வொரு தோப்பிலும் சில காய்களையும் இலைகளையும் பறித்து அளந்து, இனத்தையும் நட்ட ஆண்டையும் கன்று வாங்கிய ரசீதையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.